பச்சைச் சிலுவைப்பாதை

பேனாட் அண்ணையை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு "றெஜினா, நீர் ஒரு கிறிஸ்தவப் பிள்ளையோ" என்று கேட்டுக்கொண்டு ஒருவரும் என்னிடம் வரக்கூடாது. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் அந்த மனுசன் என் பக்கம் கையை நீட்டினால், நான் பின்வரிசையில் யாருடைய கையையாவது பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன். ஆண்டவர் ஏழு எழுபது தரம் மன்னிக்கச் சொன்னார், ஓம். ஆனால் மன்னிப்புக் கேட்டவனைத்தானே மன்னிக்கலாம்? கேளாதவனை எங்கே பிடித்து மன்னிக்கிறது?

இது என் கதையில்லை, என் மச்சாள் வேரோனிக்காவின் கதை. மன்னாரில் பேசாலையில் பிறந்தவள். என் அண்ணன் இக்னேசியஸைக் கட்டி, ரொறன்ரோவில் பார்க்டேல் பக்கம் ஒரு பழைய கட்டிடத்தில் கரப்பான்பூச்சிகளோடு பங்குக்குக் குடித்தனம் தொடங்கினாள். அண்ணன் நெஞ்சுநோவில் போனபிறகு அதே நகரில் வெக்ஸ்போர்ட்டுக்கு வந்து, ஒற்றை மகன் ஜூலியனைத் தனியாக வளர்த்து ஆளாக்கினாள். ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்குச் சலவை வேலை. அங்கே அவளோடு வேலை செய்கிற பெண்கள் முக்கால்வாசி எக்குவடோர், கொலம்பியாக்காரிகள். அவர்களோடு கதைத்துக் கதைத்தே இவளுக்கு ஸ்பானிஷ் வந்துவிட்டது. அதில் பாதி படுக்கை விரிப்பும் துவாயும், பாதி தூஷணம். மிச்சத்தைக் கையால் கதைப்பாள். எங்கள் கோவில் பங்கில் இது ஒருவருக்கும் தெரியாது, ஒருவரும் அவளிடம் கேட்டதுமில்லை.

ஐம்பது வயதில் அவளுக்குச் சைக்கிள் விசர் பிடித்தது. வேலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஒன்று வந்தால் மற்றது வராது. "பஸ்சைப் பாத்துப் பாத்தே எனக்கு வயசு போகுது மச்சாள்" என்றாள். யாரோ வீட்டு முற்றத்தில் விற்பனைக்கு வைத்திருந்த ஒரு நீலச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் கரண்டுக் கோபுரங்களுக்குக் கீழே, புல்வெளிக்குள்ளால் போகும் சைக்கிள் பாதையில் தனியாக உழக்கிக்கொண்டு போய்விடுவாள். அங்கே கார் இல்லை, ஹோர்ன் இல்லை. "ஒருத்தரும் என்னை அதை எடு, இதைக் கழுவு எண்டு கூப்பிடாத ஒரே இடம்" என்பாள். திரும்பி வரும்போது முகம் சிவந்து, பத்து வயது குறைந்திருக்கும். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்தச் சைக்கிளைத்தான் பேனாட் அண்ணை அவளிடமிருந்து பறித்தார்.

மூன்று வருடத்துக்கு முன்னால், இலை கொட்டத் தொடங்கிய ஒரு பின்னேரம். வேலை முடிந்து பார்மசி அவெனியூவால் வந்துகொண்டிருந்தாள். ஓரத்தில் ஒரு கார் நின்றது, கூரையில் டிறைவிங் ஸ்கூல் பலகை. பேனாட் அண்ணையின் கார். பங்கில் பாதிப் பேருக்குக் கார் ஓடப் பழக்கியவர் அவர். ஜூலியனும் அவரிடம்தான் பழகினான். "முதல் கண்ணாடி, பிறகு தோளுக்கு மேலால ஒரு பார்வை, அதுக்குப் பிறகுதான் கதவு" என்று பிள்ளைகளுக்குச் செபம் போலச் சொல்லிக் கொடுப்பார். அன்றைக்கு அவர் கண்ணாடியையும் பார்க்கவில்லை, தோளுக்கு மேலாலும் பார்க்கவில்லை. போனில் கதைத்தபடி கதவைத் தள்ளித் திறந்தார். வேரோனிக்கா அந்தக் கதவோடு மோதி நடுறோட்டில் விழுந்தாள். வலது தோள் எலும்பு முறிந்துவிட்டது.

யாருக்கும் கண் தவறும். இறங்கி ஓடிவந்து, "ஐயோ பிள்ளை, என்ர பிழை" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நானே அவருக்குக் கொழுக்கட்டை அவித்துக் கொடுத்திருப்பேன். ஆனால் பொலிஸ் வந்தது. வேரோனிக்காவுக்கு இங்கிலீஷ் தெரியும்தான். எலும்பு முறிந்து கிடக்கிறவளுக்கு வாயில் வருவது தமிழ்தானே? "பாக்காமல் கதவைத் திறந்திட்டார், பாக்காமல் திறந்திட்டார்" என்று முனகிக்கொண்டு கிடந்தாள். பொலிஸ்காரன் குனிந்து, இவ என்ன சொல்லுகிறா என்று கேட்டான். பேனாட் அண்ணை அவள் பக்கத்தில் முழங்காலில் இருந்து, அவளுடைய கையையும் பிடித்துக்கொண்டு, மொழிபெயர்த்தார். அவள் கீழே பார்த்துக்கொண்டு வந்தாளாம், நின்ற காரைக் காணவில்லையாம், எல்லாம் அவளுடைய பிழையாம்.

படுத்திருந்தபடி அவள் அந்த இங்கிலீஷின் ஒவ்வொரு சொல்லையும் விளங்கிக்கொண்டாள். இல்லை என்று சொல்ல மூச்சு வரவில்லை. அம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள். பிறகு அவள் சொன்னதை ஒருவரும் எடுக்கவில்லை. சாட்சி இல்லை, அந்த வாகன இரைச்சலில் கதவு திறந்த சத்தம்கூட ஒருவருக்கும் கேட்டிருக்காது. பங்கில் கதை பரவிவிட்டது. "இந்த வயசில மனுசிக்குச் சைக்கிள் கேக்குது, நிண்ட காரில போய் அடிச்சிருக்கிறா. பாவம் பேனாட் அண்ணை, ஆஸ்பத்திரிக்குப் பூக்கொத்தும் கொண்டு போனவர்." ஓம், கொண்டு வந்தார். அந்தப் பூவைக் குப்பையில் போட்டது நான்தான்.

எல்லாவற்றிலும் கொடுமை ஜூலியன் செய்தது. "அம்மா, பார்க் பண்ணி நிண்ட கார்! சீரியஸ்லி? அங்கிள் பொய் சொல்லமாட்டார்" என்றான். நீலச் சைக்கிளைத் தன் வீட்டு நிலவறைக்குள் கொண்டுபோய்ப் பூட்டினான். திறப்பைத் தானே வைத்துக்கொண்டான். மகனல்லவா, அவள் சண்டை பிடிக்கவில்லை. தோளில் இரும்புத் தகடும் தையலுமாகக் கட்டிலில் இருந்துகொண்டு என்னிடம் ஒன்றுதான் சொன்னாள்.

"அந்த வாயாலயே உண்மையைச் சொல்ல வைப்பன் மச்சாள். எல்லாருக்கும் கேக்க."

"எப்பிடி?"

"தெரியாது. ஆனா வைப்பன்."

அதற்குப் பிறகு இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய் வந்தாள். பேனாட் அண்ணையைக் கண்டால் சிரிப்பாள். ஏனென்று கேட்டால், பொறுத்தார் பூமி ஆள்வார் என்பாள். பூமி கிடக்கட்டும், அந்த மனுசனின் மீசையில் ஒரு மயிராவது பிடுங்கு என்பேன் நான்.

சந்தர்ப்பம் அவர் வாயாலேயே வந்தது. யாத்திரைக் குழுத் தலைவரும் அவர்தான். போன வருடம் பூசை முடிய மைக்கைப் பிடித்தார்.

"வாற வைகாசியில பாத்திமா, ஆவிலா, செவிய்யா. அதுக்குப் பிறகு ஒரு விசேசம். ஒல்வேரா எண்ட இடத்தில வியா வேர்டே. வியா எண்டாலே என்ன? வியா குறூசிஸ், வியா டொலோறோசா! சிலுவைப்பாதை! வேர்டே எண்டால் பச்சை, நம்பிக்கையின்ர நிறம். பச்சைச் சிலுவைப்பாதை. வழி முழுக்க ஸ்ரேசன் இருக்கெண்டு இன்ரநெற்றில போட்டிருக்கு. வயசானவை பஸ்சில வரலாம். நான் பஸ்சில ஏறமாட்டன். முழுப் பாதையும் முடிப்பன். இது என்ர நேர்த்திக்கடன்."

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த வேரோனிக்கா மட்டும் மடியில் போனை வைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முழங்கையை இடித்து எனக்கும் காட்டினாள். படம் படமாகச் சைக்கிள். ஒலிவ மரம், சைக்கிள், சுரங்கம், சைக்கிள். அது சிலுவைப்பாதையுமில்லை, ஒரு மண்ணாங்கட்டியுமில்லை. றெயிலுக்கென்று மலையை வெட்டி, சுரங்கம் குடைந்து, ஸ்ரேசனும் கட்டிவிட்டு, கடைசியில் ஒரு றெயின்கூட ஓடாமல் விட்டுவிட்ட பாதை. இப்போது அதில் சைக்கிள்காரர் மட்டும் போகிறார்கள். இயேசு சிலுவை சுமந்த வழியின் ஸ்தலத்தை இங்கிலீஷில் ஸ்ரேசன் என்பார்கள்; பேனாட் அண்ணை படித்த ஸ்ரேசனோ றெயில்வே ஸ்ரேசன்!

எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. எழும்பிச் சொல்லப் போனேன். அவள் என் சேலையைப் பிடித்து இழுத்து இருத்தினாள்.

"வாயைத் திறந்தீரோ, மச்சாள் உறவு இண்டையோட முடிஞ்சுது."

"ஏனப்பா?"

"உமக்கும் எனக்கும் பேர் குடுத்திட்டு வாரும்" என்றாள். "உந்தச் சிலுவைப்பாதையை நான் உவரோட செய்யவேணும்."

இப்படித்தான் நாங்கள் போர்த்துக்கலுக்கும் ஸ்பெயினுக்கும் போனோம். பாத்திமாவில் நான் முழங்காலில் நின்று, மாதாவே, இந்தப் பழிவாங்கலைக் குழப்பாமல் நடத்தித் தா என்றுதான் மன்றாடினேன். பாவம் என்றால் பாவம்தான், என்ன செய்ய?

செவிய்யாவில் வேரோனிக்கா பஸ் டிறைவரைத் தனியே பிடித்துத் தன் சலவைக்கட்டு ஸ்பானிஷில் கதைத்துவிட்டு வந்தாள். மற்றச் சனத்துக்கு ஒரு கஷ்டமும் வரக்கூடாது என்று முதலே ஒழுங்கு செய்துவிட்டாள். அவர்களை மலையுச்சிக் கோவிலில் செபம் சொல்ல விட்டு, மத்தியானத்துக்குப் பாதையின் நடுவில் இருக்கும் ஸ்ரேசனுக்குக் கொண்டுபோக வேண்டும். சாப்பாடு அங்கேதான். அந்த ஸ்ரேசனுக்குச் சற்று முன்னால் ஒரு நீளமான சுரங்கம் இருக்கிறது.

ஒல்வேரா ஸ்ரேசனில் பஸ் நின்றது. முன்னால் ஒரு கொட்டிலில் வரிசையாகச் சைக்கிள். ஹெல்மெற் போட்ட ஸ்பானிஷ் குடும்பங்கள். சிலுவையுமில்லை, சொரூபமுமில்லை. எங்கள் சனம் இறங்கிச் செபப் புத்தகத்தை விரித்தபடி அங்குமிங்கும் பார்த்தது.

எங்கள் பாடகர் குழுவில் இருக்கும் பேபிதான் முதலில் கேட்டாள். "அண்ணை, முதலாம் ஸ்தலம் எங்க?"

பேனாட் அண்ணையின் முகம் பேயறைந்ததுபோல் ஆனது. கொட்டிலைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், பெயர்ப் பலகையைப் பார்த்தார். விளங்கிவிட்டது. எனக்கு நன்றாகத் தெரியும், அந்த நேரமே அவருக்கு விளங்கிவிட்டது.

வேரோனிக்கா அவர் பக்கத்தில் போய், எல்லோருக்கும் கேட்க, ஆனால் மரியாதையாகக் கேட்டாள். "அண்ணை, ஏதும் பிழை விட்டிட்டீங்களோ?"

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். எல்லோரும் சிரித்திருப்பார்கள், பஸ்சில் ஏறியிருப்போம், என் மச்சாளின் திட்டமும் அங்கேயே முடிந்திருக்கும். அவள் அவருக்கு ஒரு வாசலைத் திறந்துதான் வைத்தாள்.

"என்ன பிழை?" என்றார் அவர். "இது சைக்கிளில செய்யிற சிலுவைப்பாதை. எனக்கு முதலே தெரியும். உங்களுக்குச் சொன்னால் பயப்படுவியள் எண்டுதான் சொல்லேல்லை."

கெடுகுடி சொற்கேளாது.

கொட்டில்காரர் ஒரு தாடிக்காரர், நல்ல மனுசன். பேனாட் அண்ணையின் வயிற்றையும் வயதையும் பார்த்துவிட்டுக் கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தார். பேனாட் அண்ணை முழித்தார். "இவர் என்ன சொல்லுறார்?" என்று சுற்றிப் பார்த்துக் கேட்டார்.

"நான் சொல்லுறன் அண்ணை" என்று வேரோனிக்கா முன்னுக்கு வந்தாள். "என்னோட வேலை செய்யிறவை ஸ்பானிஷ்காரியள்தானே."

அவள் அவருக்குப் பக்கத்தில் நின்று, பொலிஸ்காரனுக்கு அவர் செய்ததுபோலவே, ஒவ்வொரு வசனமாக மொழிபெயர்த்தாள். தாடிக்காரர் வெயில் கடுமை, மோட்டர் பூட்டின சைக்கிள் எடுங்கோ என்றார். வேரோனிக்கா, "உங்களுக்கு நல்ல பலமான காலாம், மோட்டர் தேவையில்லையாம்" என்றாள். தாடிக்காரர் அகலமான மெத்தைச் சீற் ஒன்றை எடுத்துக் காட்டினார். "உது பொம்பிளையளுக்காம்" என்றாள். பிறகு தாடிக்காரர் முன் லைற்றைக் கையில் வைத்து, சுரங்கம் நீளம், உள்ளே இருட்டு என்று கண்ணைப் பொத்திக் காட்டினார். "வெயில் கண்ணைக் குத்துமாம், கறுப்புக் கண்ணாடியைக் கழட்ட வேண்டாமாம். லைற் வீண் பாரமாம்" என்றாள். பேனாட் அண்ணை தலையாட்டினார். கறுப்புக் கண்ணாடி அவருக்குப் பவர் போட்டது. சாதாரணக் கண்ணாடி பஸ்சில் பைக்குள் கிடந்தது.

கடைசியாகத் தன்னுடைய போனைப் பேபியின் கையில் கொடுத்தார். "என்ர போனிலதான் வடிவா வரும். ஸ்ரேசனுக்கு நான் வந்து சேரேக்க பங்கின்ர பேஸ்புக்கில லைவ் போடு. ரொறன்ரோவில எல்லாரும் பாக்கட்டும்."

பேபி வாங்கிக்கொண்டாள். வேரோனிக்கா அவள் காதில், "கடைசிச் சுரங்க வாசலிலயே நிண்டு வரவேற்பம். அண்ணையின்ர குரல் கேட்ட உடனே லைவைப் போடும். அவர் வெளியில வந்த பிறகுதான் பாட்டு, அதுவரைக்கும் ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது" என்று சொன்னாள். என்ன செய்யப் போகிறாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பஸ் போய்விட்டது. நாங்கள் மூன்று பேர். எனக்கு மோட்டர் பூட்டின சைக்கிள், நான் ஒளிக்கவில்லை. நேர்த்தி வைத்தவர் அவர், நானா?

அந்தப் பாதையைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். பழியும் கோபமுமாகப் போன எனக்கே அங்கே கொஞ்ச நேரம் வந்த காரியம் மறந்து போயிற்று. பெரிய ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. இரண்டு பக்கமும் ஒலிவ மரங்கள், இடைக்கிடை மஞ்சள் பூப் பற்றை. எங்கேயோ ஆட்டு மணி. காரென்ற சாமானே கிடையாது. ரயர் பொடிக்கல்லில் அரைபடும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. தூரத்துப் பாறைமேல் பெரிய பிணந்தின்னிக் கழுகுகள் செட்டையை ஆட்டாமல் சுற்றிக்கொண்டிருந்தன. நான் பேனாட் அண்ணையைப் பார்த்தேன், கழுகைப் பார்த்தேன்.

வேரோனிக்கா தொடக்கத்தில் இடதுபக்கம் சரிந்தபடியே உழக்கினாள். வலது தோளை ஒடுக்கிக்கொண்டு, எங்கேயாவது ஒரு கதவு திறக்கும் என்று பயந்தவளாக. இங்கே கதவும் இல்லை, காரும் இல்லை. முதலாவது பாலம் தாண்டியதும் அந்தத் தோள் மெல்ல இறங்கியது. பாதையின் நடுவுக்கு வந்தாள். நான் எட்டிப் பக்கத்தில் போனபோது முகம் முழுக்கக் கண்ணீர்.

"என்னப்பா, நோகுதோ?"

"இல்லை மச்சாள். மூண்டு வருசம். மூண்டு வருசமா என்ர இதைப் பறிச்சு வைச்சிருக்கினம்" என்றாள். மூக்கை உறிஞ்சிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "எங்க அந்தாள்?"

அந்தாள் முதலில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். ஒலிவ மரத்தைக் காட்டி, "பாருங்கோ, கெத்செமனித் தோட்டம்!" என்றார். கொஞ்சத்தில் பாட்டு முனகலாகியது. பிறகு முனகலும் நின்றது. சீற்றில் இருக்க முடியாமல் எழும்பி எழும்பி உழக்கினார். ஒரு வாய்க்கால் ஓரத்தில் சைக்கிளோடு சரிந்து விழுந்தார். அடியில்லை, மண்தான். "மூண்டாம் ஸ்தலம், இயேசு முதல்தரம் விழுகிறார்" என்று நான் மெல்லச் சொன்னேன். வேரோனிக்கா என்னை முறைத்துவிட்டு இறங்கி, அவரைத் தூக்கி, தன் போத்தில் தண்ணீரைக் கொடுத்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. நானென்றால் நல்லாய் விக்க விட்டிருப்பேன்.

சின்னச் சின்னச் சுரங்கங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் வேரோனிக்கா ஒருதரம் செருமினாள். அந்தச் செருமல் சுவரில் பட்டு மறுபக்கம் போய்த் திரும்பி வந்தது. அவள் காது கொடுத்துக் கேட்டாள். பேனாட் அண்ணை அவளுக்கு வெயிலில் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்திருப்பார்.

மத்தியான நேரம் அந்தக் கடைசிச் சுரங்கத்துக்கு வந்தோம். உள்ளே வளைந்து போவதால் மறுவாசல் தெரியாது. நுழைந்து கொஞ்சத் தூரத்தில் வெளிச்சம் அறவே இல்லை. என்னிடமும் அவளிடமும் லைற் இருந்தது. அவள் தன்னுடையதை நிறுத்தினாள், நானும் நிறுத்தினேன்.

பின்னால் பேனாட் அண்ணையின் பிறேக் கிறீச்சிட்டது. சைக்கிள் சுவரில் உரசும் சத்தம் கேட்டது.

"வேரோனிக்கா?"

கூப்பிட்ட பெயர் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

"வேரோனிக்கா, நிக்கிறீங்களோ? எனக்கு ஒண்டும் தெரியேல்லை. கண்ணாடி வேற கறுப்பு. லைற்றைப் போடுங்கோ!"

"நிக்கிறன் அண்ணை. லைற் என்ர கையிலதான் இருக்கு."

"போடுங்கோவன் பிள்ளை."

"போடுறன். ஒண்டு கேக்கிறன், அதுக்கு முதல் மறுமொழி சொல்லுங்கோ. அண்டைக்குக் கதவு திறக்கேக்க கண்ணாடி பாத்தனீங்களோ?"

"உந்த விசயம் இப்ப ஏன்…"

"பாத்தனீங்களோ?"

"அது பழைய கதை. ஆண்டவருக்குத் தெரியும்…"

"ஆண்டவருக்குத் தெரியும். சனத்துக்குத்தான் தெரியாது" என்றாள். சைக்கிளை முன்னுக்கு உருட்டினாள். செயின் கடகடவென்று விலகிப் போவது இருட்டில் தெளிவாகக் கேட்டது.

"ஐயோ, விட்டிட்டுப் போகாதேங்கோ!" அவர் குரல் உடைந்தது. "பாக்கேல்லை! போன் கதைச்சுக்கொண்டு திறந்தனான், பாக்கேல்லை, போதுமோ?"

"கேக்கேல்லை அண்ணை."

"நான் பாக்காமல்தான் கதவைத் திறந்தனான்!" என்று கத்தினார். சுரங்கம் அதை வாங்கிக்கொண்டு போயிற்று. திறந்தனான், திறந்தனான்.

"பொலிசுக்கு நான் என்ன சொன்னனான்? நீங்கள் என்னெண்டு மாத்திச் சொன்னனீங்கள்?"

இருட்டில் அழுகை. உண்மையான அழுகை, அதையும் சொல்லத்தான் வேண்டும். "நீங்கள் சரியாத்தான் சொன்னனீங்கள். நான்தான் மாத்திச் சொன்னனான். கதவைப் பாக்காமல் திறந்தவனிட்ட ஆர் பிள்ளையளைக் கார் பழக விடுவினம்? என்ர ஸ்கூல் போயிடும் எண்டு பயந்திட்டன். என்ர பிழை, என்ர பிழை!"

பூசையில் நெஞ்சில் தட்டிக்கொண்டு வாரா வாரம் சொல்லுகிற சொல். எங்கள் முன்னால் அந்த வாயில் அது உண்மையாக வந்தது அன்றைக்குத்தான்.

வேரோனிக்கா லைற்றைப் போட்டாள்.

வளைவு திரும்பியதும் வாசல் வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சத்தில் எங்கள் சனம் முழுவதும் நின்றது. கையில் பாட்டுப் புத்தகம், ஒருவர் வாயிலும் பாட்டில்லை. காரில்லாத அந்த அமைதியில் ஊசி விழுந்தாலும் கேட்கும், இது கத்தல். எல்லோருக்கும் முன்னால் பேபி, பேனாட் அண்ணையின் போனை நீட்டிப் பிடித்தபடி.

"நிப்பாட்டு, பேபி" என்றார் அவர்.

"லைவ் போய்க்கொண்டிருக்கு அண்ணை" என்றாள் பேபி. "உங்கட குரல் கேட்டதிலயிருந்து போகுது. நிறையப் பேர் பாக்கினம்." நுணலும் தன் வாயால் கெடும்.

பேனாட் அண்ணை அங்கேயே ஒரு கல்லில் இருந்துவிட்டார். முகம் முழுக்கப் புழுதியும் வியர்வையும் கண்ணீரும். ஒருவரும் கிட்டப் போகவில்லை. வேரோனிக்கா சைக்கிளை நிறுத்திவிட்டு, பையைத் திறந்து ஒரு வெள்ளைத் துவாயை எடுத்தாள். எடுத்த உடனே எங்கள் சனத்துக்குள் ஒரு அசைவு. சிலுவைப்பாதை சொல்லி வளர்ந்தவர்கள்தானே எல்லோரும். ஆறாம் ஸ்தலம்: வேரோனிக்கா இயேசுவின் திருமுகத்தைத் துடைக்கிறாள். ஒரு கிழவி சிலுவை அடையாளம்கூட வரைந்துகொண்டாள். பேனாட் அண்ணை முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

வேரோனிக்கா அவரைத் தாண்டிப் போனாள். சைக்கிளின் சீற்றைத் துடைத்தாள். பிறகு ஹான்டிலை, பிறகு பெல்லை. அவசரமில்லாமல் துடைத்து முடித்து, துவாயை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"மச்சாள், சாப்பாடு ஆறப்போகுது" என்றாள்.

ஒரு கிழமைக்குப் பிறகு ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் இறங்கினோம். பேனாட் அண்ணை வேறு வாசலால் போய்விட்டார். ஜூலியன் வந்து நின்றான். கண் வீங்கியிருந்தது, லைவை எத்தனை தரம் பார்த்தானோ தெரியாது. ஒன்றும் பேசாமல் நிலவறைத் திறப்பை எடுத்துத் தாயின் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையை மூடினான்.

அவள் கையை விரித்தாள். திறப்பைத் திருப்பி அவனிடம் நீட்டினாள்.

"வாயால சொல்லு."

சுற்றிலும் பெட்டி உருளும் சத்தம், அறிவிப்பு, சனம். ஜூலியன் குனிந்து தாயின் காதுக்குள், "சொறி அம்மா" என்றான். எனக்கே கேட்டது.

"கேக்கேல்லை" என்றாள் வேரோனிக்கா.